பாதத்தை அளக்கத் தெரிந்த கடையில் ரன்னிங் ஷூ வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டப் பயிற்சி பற்றி நாளிதழ்களில் வரும் குறிப்புகள் எத்தனை கிலோமீட்டர், எந்த வேகம், வாரத்தில் எத்தனை நாள் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்கின்றன. ஷூ என்று வந்ததும் ‘தரமான ஷூ அணியுங்கள்’ என்று ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. ஒருவருக்குத் தரமான ஷூ இன்னொருவருக்குக் கொப்புளம். எது தனக்குச் சரி என்று அவரவர் பாதம்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பாதத்தை அளந்து, நாலைந்து ஜோடியைப் போட்டு ஓடிப் பார்க்கவிட்டு, பொருந்தாததைப் பொருந்தாது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஓட்டத்துக்கென்றே நடத்தப்படும் கடைகளில் அந்த ஆள் இருக்கிறார். முதல் ஜோடியையாவது அங்கே போய் வாங்குங்கள் என்பதே இக்கடிதம். நான் அந்தத் தொழிலில் இருப்பவன். அந்தச் சார்பைக் கழித்துக்கொண்டே படிக்கலாம். அந்தக் கடைகளில் நம்பக்கூடாதவையும் இதில் உண்டு.

அளவிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலானவர்கள் சொல்லும் ஷூ எண் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ பார்த்துச் சொன்னது. வயது ஏறும்போதும் எடை கூடும்போதும் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் பாத வளைவு சற்றுத் தாழ்ந்து, பாதம் நீளவும் அகலவும் கூடும். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருப்பதும் அரிது; பெரிய பாதத்துக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைத்துக் காட்டும், ஆகவே உடல் எடை இரண்டு கால்களிலும் சமமாக விழும்படி நின்று அளக்க வேண்டும். நாளெல்லாம் நடந்த பாதம் மாலையில் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ பத்தாவது கிலோமீட்டரில் இறுக்குவதற்கு இதுதான் காரணம். கடைக்கு மாலையில் போவது நல்லது.

நல்ல கடையில் பிரனாக் தட்டு என்ற உலோக அளவி இருக்கும். 1920களில் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் சார்லஸ் பிரனாக் உருவாக்கியது. இன்னும் அதை மிஞ்சும் எளிய கருவி வரவில்லை. அது மூன்று அளவுகளைத் தருகிறது: குதிகாலிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை, பிறகு அகலம். இரண்டாவது அளவைப் பல கடைகள் பார்ப்பதே இல்லை. விரல் குட்டையாகவும் வளைவு நீளமாகவும் உள்ள பாதத்துக்கு அதுதான் முக்கியம். ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீள அளவும் மூட்டு அளவும் வேறு வேறு எண்ணைக் காட்டினால் பெரிய எண்ணிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்குவதே முறை. இரண்டாவது விரல் பெருவிரலை விட நீளமாக உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நுனி இடைவெளியை அந்த விரலிலிருந்து பார்க்க வேண்டும். பெருவிரலை மட்டும் அழுத்திப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்கினால், சில வாரங்களில் இரண்டாவது விரலின் நகம் கறுத்துவிடும்.

தட்டு காட்டும் எண்ணும் முடிவான எண் ஆகிவிடாது. யூ.கே. அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். ஐரோப்பிய அளவில் அது 6.67 மி.மீ. இரண்டும் எங்கேயும் ஒழுங்காக ஒட்டாததால், ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு முழுமையாக்கிக்கொள்கிறது. ஆண்களுக்கான யூ.கே. 8 அடிடாஸ் பட்டியலில் யூ.எஸ். 8.5, நைக்கி பட்டியலில் யூ.எஸ். 9. இணையத்தில் ‘நான் 9 போடுகிறேன்’ என்று நண்பர் சொன்னதை வைத்து வாங்குவோர் பலர் தவறுவது இங்கேதான். இதற்கு மேல், ஒவ்வொரு நிறுவனமும் ஷூவை வார்க்கும் அச்சு வேறு. ஒன்றில் முன்பாதம் அகலம், இன்னொன்றில் குதி ஒடுக்கம். அதே நிறுவனத்தின் அதே மாடல்கூட அடுத்த பதிப்பில் மேல்துணியும் அச்சும் மாறி வேறு ஷூவாகிவிடுவது உண்டு. ‘போன தடவை வாங்கியதேதானே, போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது’ என்பவர்கள் பெட்டியில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்க்கட்டும்.

அகலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் தவறான ஷூக்களில் பெரும்பங்கு இந்த வகை. ஆண்களுக்கு ‘டி’ வழக்கமான அகலம், ‘2ஈ’ அகலம், ‘4ஈ’ மிக அகலம். பெண்களுக்கு ‘பி’ வழக்கம், ‘டி’ அகலம். பெரிய பல்பொருள் கடைகளில் வழக்கமான அகலம் மட்டுமே இருக்கும். அகன்ற பாதக்காரர் பக்கவாட்டில் இறுக்குகிறதே என்று ஒரு எண் கூட்டி வாங்குகிறார். இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது. ஆனால் இப்போது ஷூ மடங்கும் இடம் முன்னே போய்விட்டது, குதிகால் பின்னால் எழும்புகிறது, எழும்பாதிருக்க லேஸை இறுக்கிக் கட்டுகிறார், பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகிறது. கடைசியில் ‘எனக்கு ஓட்டம் ஒத்துவரவில்லை’ என்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது அதே நீளத்தில் ‘2ஈ’. ஓட்டத்துக்கென்று உள்ள கடையில் எல்லா மாடலிலும் அகல வகை இருக்காதுதான். ஆனால் எந்த மாடலில் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், வரவழைத்தும் தருவார்கள்.

போட்டுப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. ஓடும்போது அணியும் சாக்ஸையே கொண்டுபோங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸுக்கும் தடித்த சாக்ஸுக்கும் இடையே அரை எண் வித்தியாசம் வந்துவிடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த தனி இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை) உள்ளவர்கள் அதையும் எடுத்துப்போக வேண்டும். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன் மேல் நின்று பாருங்கள். பாதம் பக்கவாட்டில் வழிந்தால் அகலம் போதாது. நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்க வேண்டும். பிறகு ஷூவைப் போட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, அடியிலிருந்து மேலே லேஸை வரிசையாக இழுத்துக் கட்டுங்கள். பலர் மேல் முடிச்சை மட்டும் இறுக்குகிறார்கள், அது எந்த ஷூவையும் மோசமாகக் காட்டும். இரண்டு காலிலும் போட்டு நடந்தால் போதாது, ஓட வேண்டும். ட்ரெட்மில் இருந்தால் அதில், இல்லையென்றால் கடை வாசலில் ஓடவிடுவார்கள். இரண்டு மாடல்களுக்கு இடையே தயக்கம் என்றால் இடது காலில் ஒன்று, வலது காலில் மற்றது போட்டு ஓடி, பிறகு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மனத்தில் ஓடும் விலை, நிறம், நண்பர் பரிந்துரை எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும்.

குதிகால் மட்டும் லேசாக எழும்புகிறது, மற்றபடி சரி என்றால் ஷூவைத் தள்ளிவிட வேண்டாம். மேலே கடைசியாக ஒரு கூடுதல் துளை இருக்கிறதே, அது அதற்குத்தான். லேஸ் முனையை அதே பக்கத்துக் கூடுதல் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, வழக்கம்போல் முடிச்சிடுங்கள். குதி பிடித்துக்கொள்ளும், மேல்பாதம் இறுகாது. மேல்பாதத்தில் எலும்பு தூக்கலாக இருப்பவர்கள் அந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போகவிடாமல் அதே பக்கத்தில் நேராக மேலேற்றிவிட்டால் அழுத்தம் போய்விடும். கடையில் இதைக் காட்டித்தர ஐந்து நிமிடம்கூட ஆகாது. நகம் கறுப்பதற்கு நுனியில் இடம் போதாதது ஒரு காரணம். இறக்கத்தில் குதி பிடிக்காமல் பாதம் முன்னால் சரிந்து மோதுவது இன்னொரு காரணம். இரண்டாவது வகைக்கு இன்னும் பெரிய ஷூ வாங்கினால் பாடு கூடும்.

இனி கேமரா. பல கடைகளில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, பின்னாலிருந்து வீடியோ எடுத்து, கணுக்கால் உள்பக்கம் சாய்வதைக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அந்தச் சாய்வுக்கு ப்ரொனேஷன் என்று பெயர். பார்ப்பவருக்குத் தன் காலில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் ஒரு பயம் வரும். கோளாறு ஒன்றுமில்லை, தரையில் விழும் அதிர்ச்சியைப் பாதம் வாங்கிக்கொள்ளும் இயல்பான வழி அது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைகளின் அடிப்படைப் பயிற்சியில் இருந்தவர்களை வைத்துச் செய்து 2009, 2010 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், ஒரு பிரிவினருக்கு அவரவர் பாத வளைவுக்கு ‘ஏற்ற’ ஷூவும், மற்றப் பிரிவினர் அனைவருக்கும் ஒரே வகை ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள். காயம்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஈரக்காலைத் தாளில் பதித்து வளைவைப் பார்த்து ஷூ தேர்ந்தெடுக்கும் பழைய முறையின் அடித்தளம் அதோடு ஆட்டம் கண்டது. 2015இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் குழுவினர் முன்வைத்த கருத்து, ஓடுபவர் தமக்கு வசதியாகத் தோன்றும் ஷூவைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வடிகட்டி என்பது. முழுமையாக நிறுவப்பட்ட விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் நின்று பின்பற்றக்கூடிய வழி இதைவிட வேறு இல்லை.

அப்படியானால் வீடியோ வீண்தானா? முழுக்க அப்படியில்லை. வலது இடது கால்களுக்கு இடையே பெரிய வித்தியாசம், ஒரு குறிப்பிட்ட ஷூவில் மட்டும் குதி தள்ளாடுவது, அளவு மீறி நீட்டிவைக்கும் காலடி ஆகியவை அதில் தெரியும். ஒரே ஆள் மூன்று ஷூவில் ஓடும் காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன். வெறும் இரண்டு நிமிட ஓட்டம், அதுவும் பழக்கமில்லாத பெல்ட்டில், களைப்பில்லாத காலோடு எடுத்தது என்பதை மறக்கக்கூடாது. ‘இந்த ஷூ போடாவிட்டால் முட்டி போய்விடும்’ என்று வீடியோவைக் காட்டிச் சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வருகிற எல்லோருக்கும் ஷூவோடு சேர்த்துத் தனி இன்சோலும் விற்கும் கடையும் அப்படித்தான். பாதியளவு பேருக்கு மேல் அது தேவைப்படுகிறது என்றால், விற்கும் ஷூக்களில் ஏதோ தவறு இருக்க வேண்டும்!

நல்ல விற்பனையாளரை அவர் கேட்கும் கேள்விகளில் அடையாளம் காணலாம். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், தார்ச்சாலையா மண்பாதையா, கடந்த ஓராண்டில் எங்கே வலித்தது, இப்போது போட்டிருப்பதில் எது பிடிக்கவில்லை. எந்த நிறம் வேண்டும் என்பது கடைசிக் கேள்வியாக வரும். பழைய ஷூவைக் கொண்டுவரச் சொல்வார். அதைக் கழுவாமல் கொண்டுபோங்கள். குதியின் வெளி ஓரம் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். குதிகாலில் இறங்கும் பெரும்பாலோருக்கு அங்கேதான் தேயும். கவனிக்க வேண்டியது வேறு: ஷூவைச் சமமான மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாய்கிறதா, நடுச்சோலில் (அடி ரப்பருக்கு மேல் உள்ள நுரை அடுக்கில்) ஒரு பக்கம் மட்டும் சுருக்கம் விழுந்திருக்கிறதா, பெருவிரலுக்கு மேல் துணி ஓட்டையாகியிருக்கிறதா, குதியின் உள்துணி கிழிந்திருக்கிறதா. மேல் ஓட்டை நுனி உயரம் போதாததையோ விரல் மேல்நோக்கி எழுவதையோ சொல்லும். உள்துணிக் கிழிசல் குதி வழுக்குவதைச் சொல்லும். இரண்டு நிமிட வீடியோவில் தெரியாத பல மாதக் கதை பழைய ஷூவில் இருக்கிறது.

குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ‘ட்ராப்’ என்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து 12 மி.மீ. வரை வருகிறது. ட்ராப் குறைந்தால் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் வேலை கூடும், கூடினால் முழங்காலுக்கு. இதில் நல்லது கெட்டது என்று இல்லை. 10 மி.மீ. ஷூவில் பல ஆண்டு ஓடியவர் ஒரே நாளில் 4 மி.மீ.க்கு மாறி வழக்கமான தூரத்தை ஓடினால் மறுநாள் படியிறங்க முடியாது. மாறத்தான் வேண்டுமென்றால் முதல் சில வாரங்களுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் புதியதில், மீதியைப் பழையதில் ஓட வேண்டும். பெட்டியில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. கடைக்காரருக்கு மனப்பாடமாக இருக்கும்.

நடுச்சோல் நுரையைப் பற்றியும் கொஞ்சம். பல ஷூக்களில் இருப்பது ஈ.வி.ஏ. என்ற நுரை; விலை குறைவு, நாளாக நாளாகக் குமிழ்கள் நசுங்கித் தட்டையாகும். 2013இல் அடிடாஸ் கொண்டுவந்த பூஸ்ட் நுரை டி.பி.யூ. என்ற பிளாஸ்டிக் வகை, கனம் அதிகம், நீடித்து உழைக்கும். 2017இல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை என்ற போட்டி ஷூவோடு பரவிய பெபா நுரை மிக லேசு, துள்ளல் அதிகம், விலையும் அதிகம். அந்த வகை ஷூவில் நுரைக்குள் விறைப்பான கார்பன் தகடும் இருக்கும். தடிமன் போட்டி போட்டு ஏறியதால், சாலை ஓட்டப் போட்டிகளுக்கு 40 மி.மீ.க்கு மேல் கூடாது, ஒரு தகடுக்கு மேல் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020இல் வரம்பு வைத்தது. புதிதாக ஓடத் தொடங்குபவர் அந்த வகை ஷூவைத் தேடிப்போகத் தேவையில்லை. மெதுவான வேகத்தில் அந்தத் தடித்த மெத்து நுரை பக்கவாட்டில் ஆடும், சீக்கிரம் ஓயும். விற்றால் லாபம் கூடுதல் என்றிருந்தும் ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லும் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

எடை அதிகமானவருக்கு மெத்தென்ற ஷூ, ஒல்லியானவருக்குக் கடினமானது போதும் என்று கடைகளில் வாய்ப்பாடுபோல் சொல்லப்படுகிறது. லக்ஸம்பர்க்கில் 848 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், கடினமான ஷூ போட்டவர்களுக்குக் காயம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேறுபாடு தெரிந்தது எடை குறைந்தவர்களிடம். அதே நாட்டில் 264 பேரை 22 வாரம் கவனித்த முந்தைய ஆய்வு ஒன்றில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காய வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. இதைச் சொல்லி இரண்டு ஜோடியாக விற்கப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். வாரம் மூன்று நாள் ஓடுபவருக்கு ஒன்று போதும். ஐந்து ஆறு நாள் ஓடுபவருக்கு இரண்டு வைத்திருப்பதில் பொருள் உண்டு: ஒன்றின் ஈரம் முழுக்க உலர நேரம் கிடைக்கும், காலில் ஒரே இடத்தில் சுமை விழுவதும் மாறும்.

ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரும், லேசான போட்டி ஷூ அதற்கும் முன்பே ஓயும். அடி ரப்பர் நன்றாக இருக்கும்போதே நுரை ஓய்ந்துவிடும் என்பதால் அடியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கடையில் அதே மாடலின் புதிய ஜோடி ஒன்றை ஒரு காலிலும் பழையதை மறுகாலிலும் போட்டுப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்பது உடனே தெரியும். பெரிய தள்ளுபடியில் வரும் பழைய சரக்கில் கவனம் தேவை. பல ஷூக்களில் லேஸுக்கு அடியில் உள்ள நாக்கின் உள்பக்கச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். பாலியூரித்தேன் சோல் என்றால் போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சிதைந்து, ஒரு நாள் காலில் மாவாக உதிரும். மற்ற வகைகளிலும் பசை விட்டுப்போகலாம். வாங்கிய பிறகு வாஷிங் மெஷினில் போடுவதும் வெயிலில் காயவைப்பதும் நிறுத்தியிருக்கும் காரில் விடுவதும் அதே வேலையைத்தான் செய்யும். இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை தாளை மாற்றினால் மறுநாள் போடலாம்.

சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மேலே சொன்ன ‘வசதியாக இருக்கிறதா’ சோதனையை நம்பக் கூடாது. இறுக்குவது அவர்களுக்குத் தெரியாது. முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, பிறகு அளந்து வாங்கி, வீட்டுக்குள் இருபது நிமிடம் போட்டுக் கழற்றி எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலிப்பதும், ராத்திரி படுத்திருக்கும்போது வலிப்பதும் ஷூ மாற்றித் தீராது. அப்படி வருபவருக்கு ஷூ விற்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியது கடைக்காரரின் கடமை.

வாங்கும்போதே திருப்பித்தரும் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில கடைகள் வெளியே ஓடிய ஷூவையும் குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றித்தருகின்றன. சில, அடி அழுக்காகாமல் இருந்தால்தான். இரண்டாவது வகை என்றால் முதல் சில நாள் வீட்டுக்குள்ளோ ட்ரெட்மில்லிலோ மட்டும் போடுங்கள், பெட்டியையும் ரசீதையும் வைத்திருங்கள்.

கடையில் ஒரு மணி நேரம் அளந்து, ஓடி, கேட்டுத் தெரிந்துகொண்டு, மாடல் பெயரைப் படமெடுத்துப் போய் இணையத்தில் வாங்குவது பற்றிக் கடைக்காரர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு வாடிக்கையாளரைத் திட்டிப் பயனில்லை. அளந்து பொருத்துவதற்குத் தனிக் கட்டணம் வாங்கி, அங்கேயே ஷூ வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வதே நேர்மையான ஏற்பாடு என்று நினைக்கிறேன். வாங்குபவருக்கும் கூச்சமில்லை, நாலு ஜோடி போட்டுப் பார்த்து எதுவும் பொருந்தாமல் வெறுங்கையோடு திரும்பவும் அவருக்கு உரிமை இருக்கும். கடைக்காரருக்கும் பொருந்தாததைத் தலையில் கட்டும் நெருக்கடி இருக்காது. இதைச் செய்யத் தயாராக உள்ள கடைகள் கட்டணத்தை வாசலிலேயே எழுதிவைக்கட்டும்.

இப்படிக்கு,
ரன்னிங் ஷூ பொருத்தும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்